பாதத்தைப் பார்க்காத வைத்தியம்

வீடு அடங்கிய பிறகுதான் அந்த எரிச்சல் தலைதூக்கும். பகல் முழுக்க வேலையும் பேச்சும் கவனத்தை வேறு பக்கம் இழுத்து வைத்திருக்கும். விளக்கை அணைத்துப் படுத்ததும் உள்ளங்கால் மட்டும் விழித்துக்கொள்ளும். போர்வையின் ஓரம் பட்டால்கூடப் பொறுக்காது. சிலர் எழுந்து போய்க் குளியலறையின் ஈரத்தரையில் நிற்கிறார்கள். சிலர் காலைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி மின்விசிறிக் காற்றைத் தேடுகிறார்கள். மருத்துவரிடம் போனால், மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது என்பார் ஒருவர். எறும்பு ஊர்கிறது, ஊசி குத்துகிறது, பஞ்சுமேல் நடப்பதுபோல் இருக்கிறது என்பார்கள் மற்றவர்கள். காலிலிருந்து செருப்பு கழன்றதே தெரியாமல் பத்தடி நடந்துவிட்டேன் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் கடைசிப் புகாரைத்தான் மருத்துவர் மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாகக் கேட்க வேண்டும்.

மருத்துவத்தில் இதற்கு நியூரோபதி என்று பெயர், நரம்புச் சேதம். முதுகின் கீழ்ப்பகுதியில் தொடங்கிக் கால்விரல் நுனிவரை ஓடும் உணர்வு நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கும். இவ்வளவு நீண்ட இழையைப் பராமரிப்பது உடலுக்கு எளிதல்ல. கேடு வரும்போது முதலில் வாடுவது அதன் நுனி. அதனால்தான் இரண்டு பாதங்களிலும் ஒரேமாதிரி தொடங்கி, காலுறை அணிந்ததுபோல் மெல்ல மேலேறுகிறது. காரணங்களில் முதலிடம் நீரிழிவுக்கு. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வு, நீரிழிவு உள்ளவர்களில் 26 சதவீதம் பேருக்கு நரம்புச் சேதம் இருப்பதைக் கண்டது. அவர்கள் எல்லோருக்கும் வலி இருப்பதில்லை என்பது இன்னும் கவலை தரும் செய்தி. அதைப் பிறகு பார்ப்போம்.

வலியோடு வருகிறவருக்கு வழக்கமாகக் கிடைப்பவை பிரிகாபலின், காபாபென்டின், டுலோக்ஸெடின், அமிட்ரிப்டிலின் ஆகியவற்றில் ஒன்று. இவை பயனுள்ள மருந்துகள்தாம். பலருக்குத் தூக்கத்தை மீட்டுக் கொடுத்திருக்கின்றன. ஆனால் அவை எவ்வளவு செய்யும் என்பதை நோயாளியிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிரிகாபலின் சாப்பிடும் ஏழெட்டுப் பேரில் ஒருவருக்குத்தான், வெற்று மாத்திரையால் கிடைப்பதைத் தாண்டி, வலி பாதியாகக் குறைகிறது என்று தெரிந்தது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறையலாம், குறையாமலும் போகலாம். தலைசுற்றல், பகல் மயக்கம், கால் வீக்கம், எடை கூடுவது ஆகியவை உடன் வரும் தொல்லைகள். எழுபது வயதுக்காரர் ஒருவர் இரவில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், நரம்பு வலிக்கு வாங்கிய நிம்மதி எந்தக் கணக்கில் சேரும்? மாத்திரை இல்லாமல் சமாளிக்க வழி உண்டா என்று ஒருவர் கேட்பது அறியாமையால் அல்ல. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையைச் சொந்த முடிவில் திடீரென நிறுத்திவிடக் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்துகள் இவை.

அந்தக் கேள்விக்கு விடை உண்டு. ஆனால் அது புட்டியில் அடைத்து விற்கக்கூடியதாக இல்லை என்பதால் மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை, யூடியூப் விளம்பரத்திலும் கிடைப்பதில்லை. இரண்டு நிமிட ஆலோசனையில் மருத்துவரும் அதைச் சொல்லி முடிக்க முடிவதில்லை.

முதல் வேலை, காரணத்தைத் தேடுவது. நீரிழிவு இருப்பதாலேயே கால் எரிச்சலுக்கும் அதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் நீரிழிவுக்கு உலகமெங்கும் முதலில் எழுதப்படும் மெட்ஃபார்மின், குடலில் வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் இதைப் பற்றி மருத்துவர்களுக்குத் தனி எச்சரிக்கையே விடுத்தது. பத்தில் ஒருவருக்குவரை இது நேரலாம் என்றது. பி12 குறைந்தாலும் பாதம் மரத்துப் போகும், எரியும், நடை தடுமாறும். இந்தச் சத்து இயற்கையில் கிடைப்பது மீன், இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றில்தான். ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுக்கும் சைவ உணவுக்காரர் ஒருவர், நெஞ்செரிச்சலுக்காக ஓமெப்ரசோலையும் தினமும் விழுங்கினால், மூன்று பக்கமும் வாசல் அடைபட்டதாகப் பொருள். கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும், பிறகு கரையும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் இந்தக் குறையைத் தேடாமல், எரிச்சலை மட்டும் மங்கவைக்க மாத்திரைமேல் மாத்திரை எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி. பி12 குறையைச் சீக்கிரம் ஈடுகட்டினால் நரம்பு தேறும். தாமதித்தால் முழுதாகத் தேறாமலே போகலாம்.

குடிப்பழக்கம், தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, தொழுநோய், புற்றுநோய்க்கான கீமோதெரபி, காசநோய்க்கான ஐசோநயசிட் ஆகியவையும் பட்டியலில் உண்டு. எரிச்சல் ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, சில நாட்களுக்குள் பலவீனம் மேலேறி நடக்கவே முடியாமல் போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சத்துக் குறையென்றதும் ‘நரம்புச் சத்து மாத்திரை’ என்ற பெயரில் எதையாவது வாங்கி விழுங்குவது நம்மிடம் ஊறிப்போன வழக்கம். கடையில் கேட்டாலே கொடுத்துவிடுகிறார்கள். அதில் ஒளிந்திருக்கும் ஆபத்து வைட்டமின் பி6. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் போதும் என்னும் இந்தச் சத்து, மிகையானால் தானே நரம்பைச் சேதப்படுத்தும். 1983-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ், பி6-ஐ அளவு கடந்து எடுத்து நடை தள்ளாடிப்போன ஏழு பேரின் நிலையை வெளியிட்டது. அவர்கள் எடுத்தது கிராம் கணக்கில். ஆனால் குறைந்த அளவிலும் நெடுநாள் எடுப்பவர்களுக்கு இது நேர்வதுண்டு. மூன்று வெவ்வேறு சத்து மாத்திரைகளை ஒன்றாகச் சாப்பிடுகிறவர், மூன்றின் அட்டையிலும் பைரிடாக்சின் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக் கூட்டிக்கொள்வது நல்லது.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைப் பற்றிச் சொன்னால், இது தெரிந்ததுதானே என்று கேட்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தெரிந்ததில் தெரியாத இரண்டு விஷயங்கள் உண்டு. 1993-ல் வெளியான புகழ்பெற்ற டிசிசிடி ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது நரம்புச் சேதம் 60 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும் இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை. எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று, வேகம். பல ஆண்டுகள் ஏறிக்கிடந்த சர்க்கரையை மூன்றே மாதத்தில் வேகவேகமாக இறக்கினால் சிலருக்குப் பாத வலி புதிதாக வெடித்துக் கிளம்பும். சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு மூன்று மாதத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் விழும்போது இந்த ஆபத்து கூடுகிறது. ‘சர்க்கரை இறங்கியதும் வலி ஏறிவிட்டதே, இந்த மருந்தே ஆகாது’ என்று இன்சுலினைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் மாதங்கள் செல்லச் செல்லத் தணியும் வலி இது என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எறிந்திருக்க மாட்டார்கள்.

மருந்தில்லா வழிகளில் வலுவான நம்பிக்கை தருவது நடை.

இத்தாலியில் 78 பேரை வைத்து நடந்து 2006-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நரம்புச் சேதம் தொடங்காத நீரிழிவு நோயாளிகளில் ஒரு பகுதியினர் வாரம் நான்கு மணி நேரம் வேகநடை நடந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, நடக்காதவர்களைவிட அவர்களிடம் நரம்புச் சேதம் மிகக் குறைவாக இருந்தது. ஏற்கெனவே சேதம் வந்தவர்கள்? அமெரிக்காவின் கான்சஸில் 17 பேர் பத்து வாரம் உடற்பயிற்சி செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. வலி குறைந்தது. அதோடு நிற்காமல், தோலிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது நரம்பிழைகளில் புதுக் கிளைகள் விட்டிருந்தன. பதினேழு பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க மறு குழுவும் அதில் இல்லை. ஆனாலும் மாத்திரை வலியை மறைக்கத்தான் முயல்கிறது. இங்கே நரம்பே துளிர்த்திருப்பதற்கான தடயம் கிடைத்திருக்கிறது. இந்த எழுத்துக்குக் காரணமே அந்தத் தடயம் தரும் உற்சாகம்தான்.

ஒரு காலத்தில் பாதம் மரத்துப்போனவர்களை நடக்கவே கூடாது என்று மருத்துவர்கள் தடுத்தார்கள். புண் வந்துவிடும் என்ற பயம். 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, சரியான காலணியும் தினசரிப் பாதக் கவனிப்பும் இருந்தால் நடைப்பயிற்சியால் புண்கள் கூடுவதில்லை என்று காட்டிய பிறகு அந்தத் தடை தளர்ந்தது. ஆறாத புண் இருக்கும்போது மட்டும் நடக்கக் கூடாது. அப்போது நாற்காலியில் அமர்ந்தபடி கை, தொடைப் பயிற்சிகள் செய்யலாம். நடக்கச் சொல்வது எளிது, எங்கே நடப்பது என்ற கேள்வி நியாயமானது. நடைபாதையை இருசக்கர வாகனங்களும் கடைகளின் தட்டிகளும் பிடித்துக்கொண்ட ஊரில், பாதம் மரத்த ஒருவர் உடைந்த சிமென்ட் பலகைமேல் நடப்பது பயிற்சி ஆகாது, விபத்து ஆகும். மொட்டை மாடி, பள்ளி மைதானம், வீட்டுக் கூடம் எதுவானாலும் சரி. தரை தெரிய வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும். நரம்பு வலிக்கும் நகராட்சிக்கும் தொடர்பு உண்டு என்பதை நம் சுகாதாரப் பேச்சு இன்னும் ஏற்கவில்லை.

மிளகாய்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், சூட்டையும் எரிச்சலையும் உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஓர் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஏற்பியை 1997-ல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. திரும்பத் திரும்பக் கேப்சைசினைச் சந்திக்கும் நரம்பு முனை ஓய்ந்து, வலிச் செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொள்கிறது. 0.075 சதவீதம் கேப்சைசின் கலந்த கிரீமை நாளுக்கு மூன்று நான்கு முறை, சில வாரங்கள் விடாமல் பூசினால் சிலருக்கு எரிச்சல் தணிகிறது. முதல் வாரம் எரிச்சல் கூடும். அதிலேயே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். 8 சதவீதக் கேப்சைசின் ஒட்டுப்பட்டை ஒன்றும் உண்டு. மருத்துவமனையில் அரை மணி நேரம் பாதத்தில் ஒட்டுவார்கள். பலன் மூன்று மாதம்வரை நிற்கும். நீரிழிவுப் பாத வலிக்கு அதை அமெரிக்கா 2020-ல் அனுமதித்தது. இதைப் படித்துவிட்டு அம்மியில் மிளகாயை அரைத்துக் காலில் அப்பக் கூடாது. அளவு தெரியாத காரம் மரத்த தோலில் கொப்புளம் போடும். வெடிப்போ புண்ணோ இருந்தால் கிரீமும் வேண்டாம். பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கண்ணைத் தொட வேண்டும்.

நாட்டு மருந்து என்றாலே ஒதுக்குவதும் தவறு, கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் தவறு. ஈரானில் 60 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், நம்மூரில் பேய்க்குமட்டி என்று அழைக்கப்படும் கொடியின் காயிலிருந்து எடுத்த மேல்பூச்சு வலியைக் குறைத்தது. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதன் பெயர், கேப்சைசின், உடற்பயிற்சி, மனப்பயிற்சி ஆகியவற்றோடு இடம்பெற்றது. மேலே பூசுவதற்கு மட்டும். உள்ளே சாப்பிட்டால் குடலைக் கிழிக்கும் காய் அது. மறுபக்கம், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2008-ல் வெளியிட்ட முடிவில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. ஈயமும் ஆர்சனிக்கும் நரம்பைக் கெடுப்பவை. நரம்பு வலிக்கு வாங்கும் மருந்தே நரம்பைத் தின்னும் நிலை வரலாம் என்பதால், உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையில் எழுதாத சூரணத்தையும் செந்தூரத்தையும் யார் கொடுத்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது. பதிவுபெற்ற சித்த மருத்துவர் அருகிலேயே இருக்கும்போது தொலைபேசி எண் மட்டும் அச்சடித்த டப்பாவை ஏன் நம்ப வேண்டும்? பல நரம்பு மாத்திரைகளில் சேர்க்கப்படும் ஆல்ஃபா லிபோயிக் அமிலமும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. 2024-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஆறு மாதம் எடுத்த பிறகும் அதனால் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றே கூறுகிறது.

இரவுக்குச் சில சிறிய உபாயங்கள் பலரால் சோதிக்கப்பட்டவை. கால்மாட்டில் அட்டைப்பெட்டியோ முக்காலியோ வைத்து, போர்வை பாதத்தில் படாமல் தூக்கிக் கட்டலாம். தளர்வான பருத்திக் காலுறை சிலருக்கு இதம். குழாய்த் தண்ணீரில் சில நிமிடம் காலை வைத்து, விரலிடுக்கு ஈரம் போகத் துடைக்கலாம். ஐஸ் கட்டி வேண்டாம், வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சூடு பார்ப்பதென்றால் முழங்கையால் பார்க்க வேண்டும். அல்லது வீட்டில் வேறொருவர் பார்க்க வேண்டும். தூக்கம் கெட்டால் வலி கூடும், வலி கூடினால் மனம் சோரும், சோர்ந்த மனம் தூக்கத்தைக் கெடுக்கும். ‘இந்த வயசுல கால் எரியத்தான் செய்யும்’ என்று வீட்டார் சொல்லும் ஒரு வரி, அந்த மனிதரைத் தன் வலியோடு தனியாக விட்டுவிடுகிறது. சொல்லாமல் இருந்தால் நல்லது.

இனி, முன்பு தள்ளி வைத்த விஷயம். ஒருநாள் எரிச்சல் தானாகவே நின்றுவிடுகிறது. எண்ணெய் வேலை செய்தது, கஷாயம் வேலை செய்தது என்று வீடு மகிழ்கிறது. பல வேளைகளில் அது குணம் ஆகாது; எரியக்கூட நரம்பு மிச்சமில்லாத நிலை.

வலியில்லாத பாதம் என்னவாகும் என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடம் வேலூர். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு அறுவைசிகிச்சை நிபுணராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்று எல்லோரும் நம்பிய காலம். அவர் உட்கார்ந்து கவனித்தார். விரல்களை அழித்தவை கொதிக்கும் பாத்திரம், செருப்பாணி, ஒரே இடத்தில் விழும் அழுத்தம், இரவில் வந்து கடித்த எலிகள். உணர்வில்லாததால் அவர்கள் கையையோ காலையோ இழுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பாடத்திலிருந்து பிறந்ததே, வேலூரிலும் அதன் அருகிலுள்ள கரிகிரியிலும் உருவாகி வளர்ந்த எம்சிஆர் செருப்பு. மென்மையான நுண்துளை ரப்பர் அடிப்பாகம், பின்வார், ஆணி இல்லாத தையல். 1966-ல் அமெரிக்கா சென்ற பிராண்ட், அதே அறிவை நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் கொண்டுபோனார். இன்று உலகின் நீரிழிவுப் பாத மருத்துவமனைகள் பின்பற்றும் வழிமுறைகளில் ஒரு பெரும் பங்கு வடாற்காட்டு மண்ணில் கற்றது.

அந்த மண்ணிலேயே இன்றும் சித்திரை வெயிலில் கோயில் கருங்கல் பிராகாரத்தைச் சுற்றி வந்து உள்ளங்கால் வெந்துபோனவர்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள். சுடுகிறது என்று கால் சொல்லவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. பருத்திக் காலுறையோடு பிராகாரம் சுற்றுவதைத் தெய்வக்குற்றமாக எந்தக் கோயிலும் கருதத் தேவையில்லை. வெயில் நேரத்தில் விரிப்புப் போடுவதும் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் எல்லாக் கோயில்களிலும் கட்டாயமாக வேண்டும்.

பாதம் இன்னும் உணர்கிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்று, ஐந்து நிமிடம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. இயன்முறை சிகிச்சையாளரும் அந்தத் திட்டத்தில் வருகிறார். மாத்திரையைக் கொடுக்க வரும் பெண் ஊழியரின் பையில் நைலான் இழையும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்து எழுதிவைக்க அவருக்குப் பயிற்சியும், அதற்கான நேரமும், கூடுதல் ஊதியமும் தர வேண்டும். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் வழங்கும் அரசு, அதை நெடுநாளாக எடுப்பவர்களுக்கு பி12 பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்ய வேண்டும். எம்சிஆர் செருப்பு மாவட்டத் தலைநகர மருத்துவமனைகளைத் தாண்டி வட்டார அளவில் கிடைக்க வேண்டும். அதைத் தைக்கத் தெரிந்த தொழிலாளர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.